கடைப் போனைப் பூட்டுங்கள்: சிறு வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் மளிகையும் பூசைச் சாமானும் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தான் பாதிக்கு மேல் வாடிக்கையாளர்கள். ஒரு தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடையின் வாட்ஸ்அப் எண் பறிபோனது. பழக்கமான ஓர் அக்காவின் எண்ணிலிருந்து, "தம்பி, 6 எண் கோட் ஒண்ணு தப்பா உங்க போனுக்கு வந்துருச்சு, கொஞ்சம் அனுப்பி விடுங்க" என்று செய்தி. கடைப் பையன் அப்போது முறுக்கு மாவு நிறுத்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் மாவு, ஒரு கையில் போன். அனுப்பிவிட்டான். அந்த அக்காவின் எண்ணே முந்தின நாள் திருடப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் ஆர்டர் குரூப்பில் இருந்தவர்களுக்கெல்லாம், முன்பணம் கட்டினால் 10 விழுக்காடு கழிவு என்று எங்கள் பெயரிலேயே செய்தி போய்விட்டது. மூன்று பேர் கட்டினார்கள். மொத்தம் 1,140 வெள்ளி (ரிங்கிட்). எண் எங்கள் கைக்குத் திரும்பியது தீபாவளி அன்று காலையில்.

பையனை நான் திட்டவில்லை. அந்தப் போனை நான்கு பேர் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தோம். அதில்தான் வாட்ஸ்அப், அதில்தான் வங்கிச் செயலி, அதில்தான் குழந்தைகளின் விளையாட்டும். திருடன் பூட்டை உடைக்கவில்லை, கதவு திறந்தேதான் கிடந்தது. நமக்கு ஐடி ஆள் என்று யாரும் கிடையாது, கல்லாவில் இருப்பவர்தான் எல்லாம். அதனால் கல்லாவில் இருப்பவர் இரண்டு மதியங்களில் செய்துமுடிக்கக்கூடியதை மட்டும் இங்கே சொல்கிறேன். எனக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 470 வெள்ளி. அதில் 400 ஒரு புதுப் போனுக்கே போனது.

நாள் பார்ப்பது முக்கியம். சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம் என்பதால், மாதத்தின் முதல் வாரத்தில் கடை நிரம்பி வழியும். அந்த வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். 15-ஆம் தேதிக்குப் பிறகு, மழை பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போதும்.

1. முதலில் யார் பெயரில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

2 வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். கடையின் சிம் யார் பெயரில்? மின்னஞ்சல் யார் திறந்தது? பேஸ்புக் பக்கத்துக்கு யார் யார் நிர்வாகி? இணையத் தொடர்பு, வங்கிக் கணக்கு, கியூஆர் எல்லாம் யார் பெயரில்? எழுதிப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். எங்கள் கடை சிம், ஆறு வருடத்துக்கு முன் வேலை பார்த்த ஒருவரின் அடையாள அட்டையில் பதிவாகியிருந்தது. மின்னஞ்சலைத் திறந்தது மச்சினர் மகன், அதன் கடவுச்சொல் அவனுக்கே மறந்துவிட்டது.

சிம்தான் அடிவேர். போன் தொலைந்தால், பதிவில் இருப்பவர் அடையாள அட்டையோடு வந்தால்தான் மாற்று சிம் தருவார்கள். அவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தால் கடை எண் அதோடு சரி. பெயர் மாற்ற இரண்டு பேரும் அசல் அடையாள அட்டையோடு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போக வேண்டும். தெருமுனையில் டாப்-அப் விற்கும் கடையில் இது பெரும்பாலும் நடக்காது, ஈப்போ நகரம் வரைக்கும் போக வேண்டியிருக்கலாம். எனக்கு 10 வெள்ளியும் ஒரு காலைப் பொழுதும் ஆனது. பழைய வேலையாளைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்ததுதான் பெரிய வேலை. தேநீரும் தோசையும் தனிச் செலவு.

2. வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டு

ஐந்து நிமிட வேலை, காசு கிடையாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட், அதில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். 6 இலக்க பின் எண் கேட்கும். பிறந்த தேதியைப் போடாதீர்கள், கார் எண்ணையும் போடாதீர்கள். பின் மறந்தால் மீட்க ஒரு மின்னஞ்சல் கேட்கும், அதையும் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்துவிட்டால், குறுஞ்செய்தியில் வரும் கோட் திருடன் கைக்குப் போனாலும், பின் தெரியாமல் அவனால் உடனே உள்ளே நுழைய முடியாது.

அப்புறம் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். கடையின் வாட்ஸ்அப் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று காட்டும். தெரியாததை எல்லாம் வெளியேற்றுங்கள்.

இங்கே நான் விழுந்த குழியைச் சொல்லியாக வேண்டும். எண் பறிபோனதும் நான் செய்தது, திருடனுக்கே செய்தி அனுப்பித் திட்டியது. இரண்டு நாள் அப்படியே போனது. செய்திருக்க வேண்டியது வேறு: அந்த நிமிடமே அதே எண்ணை உங்கள் போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். சிம் உங்களிடம்தானே இருக்கிறது, கோட் உங்களுக்குத்தான் வரும். அதைப் போட்டதும் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் தன் பங்குக்கு ஒரு பின் போட்டுவைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 7 நாளும் அவனாலும் யாருக்கும் செய்தி அனுப்ப முடியாது. எனக்கு இது மூன்றாவது நாள்தான் தெரிந்தது. அந்தக் கணக்கில்தான் தீபாவளி காலை.

3. வங்கியைக் கடைப் போனிலிருந்து பிரியுங்கள்

கடையில் எல்லார் கையிலும் புழங்கும் போனில் வங்கிச் செயலி இருக்கவே கூடாது. 400 வெள்ளிக்குப் புதுப் போன் வாங்கினேன் என்றேனே, அது கடைக்கு. வாட்ஸ்அப்பும் கேமராவும் மட்டும் அதில். வங்கிச் செயலி என் சொந்தப் போனில். அது என்னோடு வீட்டுக்கு வரும். பழைய போனையே ஒதுக்கலாமே என்று தோன்றும். பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோன போனை எந்த வேலைக்கும் வைக்காதீர்கள்.

மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தர ஒருவருக்கு ஒரே போன்தான். புதுப் போனுக்கு மாறினால் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். அந்த நேரத்தில் பணம் அனுப்ப முடியாமல் போகலாம். மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாளில் போனை மாற்றிவிட்டு முழிக்காதீர்கள்.

அடுத்து உச்சவரம்பு. செயலியில் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்பதை நீங்களே குறைத்து வைக்கலாம். நான் 2,000 வெள்ளியாக வைத்திருக்கிறேன். கூடுதலாக அனுப்ப வேண்டிய நாளில் முந்தின இரவே உயர்த்திவிட்டு, வேலை முடிந்ததும் இறக்கிவிடுவேன். தொல்லைதான். ஆனால் திருடன் வந்தாலும் அவனுக்கும் அதே 2,000தான்.

செயலியில் கில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றும் இப்போதே தேடி வையுங்கள். அதை அழுத்தினால் உங்கள் இணைய வங்கிச் சேவை அந்த நொடியே முடங்கும். மறுபடி திறக்க வங்கியோடு பேச வேண்டியிருக்கும். பரவாயில்லை.

வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் இதோடு பிரியுங்கள். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கி கேட்கும் தொடக்கப் பணம், இவை போதும். எஸ்எஸ்எம் பதிவே இல்லையென்றால் அதை முதலில் முடியுங்கள்: சொந்தப் பெயரில் தொழில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப் பெயர் என்றால் 60 வெள்ளி. காலாவதியான சான்றிதழோடு போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி.

4. கியூஆரும் போலி ரசீதும்

இது கம்ப்யூட்டர் சமாச்சாரமே இல்லை, கண்ணால் பார்க்கும் சமாச்சாரம். டுயிட்நவ் கியூஆர் வந்த பிறகு ஒரே ஸ்டிக்கரில் எல்லா வங்கியும் மின்பணப்பையும் வந்துவிட்டன. வசதி. ஆனால் அந்த ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். காலையில் கடை திறந்ததும் சாமிக்கு விளக்கேற்றிய கையோடு, என் போனில் அதை ஸ்கேன் செய்து எங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று பார்த்துவிடுவேன். பாசார் மாலமில் (இரவுச் சந்தையில்) கடை போடுகிறவர்கள் ஸ்டிக்கரை மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இன்னொன்று, "அனுப்பிட்டேன் அண்டி, பாருங்க" என்று திரையைக் காட்டுவது. அந்தத் திரை ஒரு படமாக இருக்கலாம், நேற்றைய ரசீதாக இருக்கலாம், தேதியை மாற்றியதாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் போனில் தெரிவது எதுவும் ரசீது ஆகாது. உங்கள் கணக்கில் ஏறினால்தான் பணம். கூட்ட நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது என்றால், பணம் ஏறியதும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டியை உங்கள் வங்கியிடமோ மின்பணப்பை நிறுவனத்திடமோ கேளுங்கள். மாத வாடகை உண்டா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். சில வங்கிகளின் வணிகர் செயலியில் காசாளருக்குத் தனி நுழைவும் உண்டு. அதில் வரவைப் பார்க்கலாம், பணத்தைத் தொட முடியாது. கடைப் போனில் அதை மட்டும் வைக்கலாம்.

5. கல்யாணப் பத்திரிகை வந்தால் தொடாதீர்கள்

வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பு என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும். அது பத்திரிகை கிடையாது, செயலி. நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கும், வங்கியின் கோட் உட்பட. வீடு துப்புரவு செய்ய மலிவு விலை, அதற்கு இந்தச் செயலியை இறக்குங்கள் என்று வருவதும் இதே வகை. நம் ஊரில் கல்யாணத்துக்கு யார்தான் நம்மை அழைக்கமாட்டார்கள், அதனால்தான் இது எடுபடுகிறது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியைத் தேடி, ஒவ்வொரு செயலிக்கும் அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் கட்டாயம்.

குறுஞ்செய்தியில் லிங்க்கோடு வங்கி என்று சொல்லி ஏதாவது வந்தால் படிக்காமலே அழியுங்கள். வங்கிகள் அப்படி அனுப்புவதை நிறுத்திவிட்டன.

6. கடவுச்சொல்

நோட்டில் எழுதி வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வைக்கலாம். வீட்டு அலமாரியில் பூட்டி வைத்த நோட்டை வெளியூர்த் திருடன் படிக்க முடியாது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டுவதுதான் கூடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, சைக்கிள், உரல், மழை மாதிரி. நினைவில் நிற்கும், யூகிக்க முடியாது. இதையே எடுத்துக்கொள்ளாமல் உங்களுடையதை யோசியுங்கள்.

எல்லாவற்றையும் இன்றே மாற்ற வேண்டாம். மின்னஞ்சலை மட்டும் இன்றே மாற்றுங்கள், மற்ற எல்லாக் கணக்கையும் அதன் வழியாகத்தான் மீட்பார்கள். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டால் 10 அவசரக் கோடுகள் தரும். அவற்றை அச்சிட்டு, நகை இருக்கும் இடத்தில் வையுங்கள்.

7. கடைக் கம்ப்யூட்டர்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கடைக் கம்ப்யூட்டர் அதிலேயே ஓடுகிறதென்றால் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதில் வங்கி வேலை வேண்டாம். ரிப்பேர் கடையில் 50 வெள்ளிக்குப் போட்டுத் தரும் திருட்டு மென்பொருளோடு என்ன சேர்ந்து வரும் என்று போட்டுத் தருபவருக்கே தெரியாது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் இலவசம். நம் அளவுக்கு அது போதும் என்பது என் கருத்து.

கணக்குக் கோப்புகளுக்கு இரண்டு பென்டிரைவ் வைத்திருக்கிறேன், இரண்டும் சேர்ந்து 60 வெள்ளிக்குள். ஒரு திங்கள் ஒன்று, அடுத்த திங்கள் மற்றது. நகல் எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். கழற்றுவது முக்கியம்: கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், செருகியிருக்கும் பென்டிரைவையும் சேர்த்தே பூட்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். ஐந்து மாதமாக வெறும் பென்டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோன அனுபவம் எனக்கு உண்டு.

வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லையும் சிசிடிவியின் ஆரம்பக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதென்றால் விருந்தினர் இணைப்பைத் தனியாகத் திறந்து கொடுங்கள்.

8. கடையில் இருப்பவர்களோடு ஓர் ஒப்பந்தம்

எங்கள் கடையில் விதி ஒன்றுதான். கோட் கேட்டால், கணக்கு எண் மாறிவிட்டது என்று சொன்னால், உடனே செய் என்று அவசரப்படுத்தினால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். நான் இல்லையென்றால் வேலை நிற்கட்டும். தாமதம் ஆனதற்காக யாரையும் திட்டமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் அவசரமாக அனுப்பிவிடுகிறார்கள்.

சரக்குக் கொடுப்பவர், "இனிமேல் இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்" என்று செய்தி அனுப்பினால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணில் கூப்பிட்டு அவர் குரலில் கேளுங்கள். அந்தச் செய்தியில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ போட்டால் அதன் மேல் புகார் இருக்கிறதா என்று காட்டும். இலவசம். ஆனால் புகார் எதுவும் இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று பொருள் இல்லை, இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் பொருள்.

வேலையை விட்டு ஒருவர் போனால், அன்று மாலையே வைஃபை, வாட்ஸ்அப் இணைப்பு, பேஸ்புக் நிர்வாகம் மூன்றையும் மாற்றுங்கள். நல்லவராகவே இருந்தாலும் மாற்றுங்கள். அவர் போன் தொலையலாம் இல்லையா?

கடன் எழுதும் 555 புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர், போன் எண், கடன் தொகை எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பழக்கத்தை விடுங்கள். வியாபாரத்தில் வாங்கும் தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 2024 திருத்தத்தில் அதன் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது. நமக்கு எளிய வழி, தேவையில்லாததை வாங்காமல் இருப்பதே. வாடிக்கையாளர் அடையாள அட்டையின் நகல் மளிகைக் கடைக்கு எதற்கு?

9. பணம் போய்விட்டால்: முதல் ஒரு மணி நேரம்

வரிசை முக்கியம். முதலில் 997. இது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. லைன் கிடைக்கவில்லையென்றால் உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண். அதை இப்போதே வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் கூகுளில் தேடினால் போலி எண் மேலே வரலாம். "997-லிருந்து பேசுகிறோம்" என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால் துண்டியுங்கள்.

அடுத்து, அன்றே போலீஸ் ரிப்போர்ட். எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம், கொடுப்பதற்குக் கட்டணம் இல்லை. அசல் அடையாள அட்டை, பரிவர்த்தனை எண் தெரியும் ரசீது, செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள், திருடன் கொடுத்த கணக்கு எண்ணும் பெயரும் கையில் இருக்க வேண்டும். செய்திகளை அழித்துவிட்டுப் போகாதீர்கள். கோபத்தில் அழித்த ஒரு வாடிக்கையாளரிடம் கணக்கு எண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நடந்ததை மணி வாரியாக மலாயில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அரை மணி நேரம் மிச்சம். ரிப்போர்ட்டின் நகலை வங்கி கேட்கும், நான்கைந்து பிரதி எடுங்கள்.

யாருடைய பணம் போனதோ அவர்தான் 997-க்கும் வங்கிக்கும் பேச வேண்டும். எங்கள் விஷயத்தில் பணம் போனது வாடிக்கையாளர்களுடையது. ரிப்போர்ட் ஆளுக்கொன்று, என்னுடையது எண் பறிபோனதற்குத் தனி. கணக்கு ஊடுருவல், வைரஸ் போன்றவற்றுக்கு சைபர்999 என்ற உதவி மையம் இருக்கிறது: 1-300-88-2999. வங்கியின் முடிவு சரியில்லை என்று பட்டால் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்பாளர் சேவையிடம் இலவசமாக முறையிடலாம். வங்கி இறுதி முடிவைக் கடிதமாகத் தந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும், அதனால் வாய்ப் பதிலோடு திரும்பாமல் கடிதம் கேளுங்கள்.

பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் 300 வெள்ளி கட்டுங்கள் என்று பேஸ்புக்கில் ஆட்கள் வருவார்கள். அது இரண்டாவது திருட்டு. எங்களுக்கு நடந்த மறுநாளே இப்படி இரண்டு பேர் செய்தி அனுப்பினார்கள், ஒருவர் வக்கீல் உடையில்.

வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதை ஒத்திப்போடாதீர்கள். வெட்கமாகத்தான் இருக்கும். வேறு எண்ணிலிருந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம், கடை வாசலில் அட்டையில் எழுதி மாட்டினோம், கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். பணம் கட்டி ஏமாந்த மூவருக்கும் நாங்கள் அசல் விலைக்கே சாமான் கொடுத்து, நட்டத்தில் பாதியை ஏற்றுக்கொண்டோம். அது சரியா, அதிகமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. மூவரும் இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். ஒருவர் மட்டும் கியூஆர் பக்கமே திரும்புவதில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டு, சில்லறையை வாங்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்.